சூயஸ் போரை நிறுத்தியது கூட்டமா, கஜானாவா?

கேள்வி இது: "1956-ல் சூயஸில் படையிறக்கிய பிரிட்டனும் பிரான்சும் களத்தில் தோற்கவில்லை. கப்பற்படை கரையிறங்கிய அன்றே போரை நிறுத்திவிட்டார்கள். லண்டனில் மக்கள் வீதிக்கு வந்ததால் நின்றது என்கிறார்கள் சிலர். அமெரிக்கா பவுண்டின் கழுத்தைப் பிடித்ததால் நின்றது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? அந்த நாட்டு மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள்?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போரை நிறுத்தியது பணம், கூட்டமல்ல. ஆனால் அந்தப் பணத்தை நகர்த்தியவர்களும் மனிதர்கள்தான். செய்தியைப் படித்துவிட்டு, பயந்துபோய், பவுண்டை விற்றவர்கள். கொடி பிடித்துக் கத்தியவர்களை மட்டும் மக்கள் என்று எண்ணினால் இந்தக் கதையில் பாதிதான் தெரியும். கத்தியவர்கள், விற்றவர்கள், பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்கள், மூன்று வருடம் கழித்து ஓட்டுப் போட்டவர்கள் என்று நான்கு விதமான எதிர்வினைகள் இதில் உண்டு. அவை ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. எனக்கு இந்த விவகாரத்தில் சுவாரசியமே அதுதான்.

முதலில் தொடக்கம். 1956 ஜூலை 19 அன்று, எகிப்து நைல் நதியில் கட்ட நினைத்த அஸ்வான் அணைக்குக் கடன் தருவதாகச் சொன்ன பேச்சிலிருந்து அமெரிக்கா பின்வாங்கியது. பிரிட்டனும் பின்வாங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 மாலை, அலெக்சாந்திரியாவில் பெருங்கூட்டத்தின் முன் எகிப்து அதிபர் நாசர் பேசினார். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் பெயர் அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. அது பேச்சுப் பழக்கமல்ல, சைகை. வானொலியில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவருடைய ஆட்கள் சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் அலுவலகங்களுக்குள் நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு. பேச்சு முடிவதற்குள் கால்வாய் எகிப்தின் கைக்குப் போய்விட்டது.

அந்தக் கம்பெனியில் ஏறத்தாழ 44 சதவீதப் பங்கு பிரிட்டிஷ் அரசுடையது. 1875-ல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி, எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் கடனில் தத்தளித்த நேரம் பார்த்து, 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப்போட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாசர் பங்குகளைச் சும்மா பறிக்கவில்லை. முந்தைய நாள் பாரிஸ் பங்குச்சந்தையில் பங்கு என்ன விலைக்கு முடிந்ததோ அந்த விலையைத் தருவதாகச் சட்டத்திலேயே எழுதியிருந்தார். சட்டப்படி பார்த்தால் போருக்கு அது மிக மெலிந்த காரணம். பிரிட்டிஷ் அரசின் சட்ட ஆலோசகர்களுக்கே அதில் சங்கடம் இருந்தது.

ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரிட்டனில் பொதுமனம் ஏறக்குறைய ஒரே பக்கம்தான். பின்னால் போரை எதிர்த்துத் தொண்டை வறளப் பேசிய தொழிற்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல்கூட, ஆகஸ்ட் 2 அன்று நாடாளுமன்றத்தில் நாசரின் செயலை முசோலினி, ஹிட்லர் செய்ததோடு ஒப்பிட்டார். ஐ.நா.வை மீறி எதையும் செய்யக் கூடாது என்று அதே பேச்சில் எச்சரிக்கவும் செய்தார், ஆனால் அந்தப் பகுதி யார் காதிலும் ஏறவில்லை. 1938-ல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த அவமானத்தை நேரில் பார்த்த தலைமுறை அது. பிரதமர் ஆண்டனி ஈடனோ, அந்த வருடம் முசோலினி விஷயத்தில்தான் வெளியுறவு அமைச்சர் பதவியை உதறியவர். அவருக்கு எங்கே பார்த்தாலும் முசோலினியே தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கோபம் சூடாக இருக்கும்போதே ஒரு வாரத்தில் படையை இறக்கியிருந்தால் மக்களில் பெரும்பாலோர் பின்னால் நின்றிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். சரியா தவறா என்பது வேறு விஷயம். முடியவில்லை என்பதுதான் உண்மை. எகிப்தில் இருந்த கடைசி பிரிட்டிஷ் படை, 1954 ஒப்பந்தப்படி, அந்த ஜூன் மாதம்தான் மூட்டை கட்டியிருந்தது. கையில் விமானத்தில் குதிக்கும் படை கொஞ்சம். சைப்ரஸ் பக்கத்தில் இருந்தாலும் பெரிய படையிறக்கும் கப்பல்களுக்கு ஏற்ற ஆழமான துறைமுகம் அங்கே இல்லை. எனவே மால்டாவிலிருந்து கிளம்ப வேண்டும், ஆறு நாள் பயணம். ரிசர்வ் வீரர்களை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் அழைத்து, லாரிகளுக்குப் பாலைவன நிறம் பூசி, மாதக்கணக்கில் சும்மா உட்காரவைத்தார்கள். அவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மஸ்கடியர் என்று பெயரிட்ட திட்டம் முதலில் அலெக்சாந்திரியாவில் இறங்குவதாக இருந்தது, பிறகு கால்வாயின் வடக்கு முனையிலுள்ள போர்ட் சயீத் என்று மாறியது.

இதற்கிடையில் செப்டம்பர் நடுவில் கம்பெனியின் மேற்கத்திய பைலட்டுகள், அதாவது கப்பல்களைக் கால்வாய் வழியே ஓட்டிச் செல்பவர்கள், கூண்டோடு விலகினார்கள். எகிப்தியர்களால் கால்வாயை நடத்த முடியாது, இரண்டே நாளில் நெரிசலாகிவிடும் என்பது லண்டன், பாரிஸின் கணக்கு. கப்பல்கள் வழக்கம்போலப் போய்வந்தன. சரி, அப்புறம் எதற்குப் போர்? இந்தக் கேள்வி மெதுவாகப் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வாரங்களில்தான்.

காரணம் இல்லாமல் போனதால் காரணத்தைத் தயாரித்தார்கள். அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிசுக்கு வெளியே செவ்ரில் ஒரு வீட்டில் பிரான்ஸ், இஸ்ரேல், பிரிட்டன் மூன்றும் ரகசியமாகக் கூடின. இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்துக்குள் புகும், பிரிட்டனும் பிரான்சும் "இரண்டு பேரும் விலகுங்கள்" என்று எச்சரிக்கை விடும், எகிப்து மறுக்கும், பிறகு கால்வாயைக் காப்பாற்ற என்று சொல்லி இறங்கலாம். இதை எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும் ஈடன் பதறிப்போய்ப் பிரிட்டிஷ் பிரதிகளை அழிக்கச் சொன்னார். இஸ்ரேலிடம் இருந்த பிரதி பிழைத்துக்கொண்டது.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் புகுந்தது. மறுநாள் எச்சரிக்கை வந்தது. இரு தரப்பும் கால்வாயிலிருந்து பத்து மைல் விலக வேண்டுமாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எகிப்து தன் சொந்த மண்ணில் பின்வாங்க வேண்டும், இஸ்ரேல் படையோ கால்வாயைத் தொட இன்னும் வெகுதூரம் முன்னேறலாம். உளவுத் தகவல் எதுவும் தேவையில்லை, காலைச் செய்தித்தாளில் இருந்த படமே கூட்டுச்சதியைக் காட்டிக்கொடுத்தது.

அக்டோபர் 31 முதல் குண்டுவீச்சு. ஆனால் கப்பல்கள் மால்டாவிலிருந்து வந்து சேர ஆறு நாள் ஆகுமே! இந்த ஆறு நாள்தான் ஈடனைக் கவிழ்த்தது என்பது என் கருத்து. குண்டு விழுகிறது, படை இறங்கவில்லை. ஐ.நா. கூடுகிறது, வாக்கெடுக்கிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன, சந்தை திறக்கிறது. உலகம் முழுக்க எதிர்வினை காட்ட ஒரு வார அவகாசம் கொடுத்துவிட்டுப் போருக்குப் போன வல்லரசை வேறெங்கும் பார்த்ததாக நினைவில்லை.

அந்த வாரம் பிரிட்டன் கொதித்தது உண்மைதான். நவம்பர் 1 அன்று நாடாளுமன்றத்தில் கூச்சல் அடங்காமல் அவைத்தலைவர் அரைமணி நேரம் அவையை ஒத்திவைத்தார். பிரபுக்கள் அவையில் கேன்டர்பரி பேராயர் ஃபிஷர், தாக்கியவன் யார், தாக்கப்பட்டவன் யார் என்று அரசின் தலைமைச் சட்ட அமைச்சரைக் குறுக்குக் கேள்வியால் குடைந்தார். வெளியுறவுத் துறை இணை அமைச்சர் ஆண்டனி நட்டிங் விலகினார். கருவூலத்தில் இருந்த எட்வர்ட் பாயிலும் விலகினார். கடற்படைத் தளபதி மவுண்ட்பேட்டன், நம் ஊர்ப் பாடநூல்களில் வரும் அதே கடைசி வைஸ்ராய்தான், இந்தத் திட்டம் தொடக்கத்திலிருந்தே பிடிக்காமல் பதவி விலகவும் முன்வந்தார். விடவில்லை.

நவம்பர் 4, ஞாயிறு. அப்சர்வர் ஏட்டின் தலையங்கம், இத்தனை மடமையும் இத்தனை கபடமும் நம் அரசிடம் இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்ற பொருளில் எழுதியது. அந்த ஏடு அதற்காக வாசகர்களையும் விளம்பரங்களையும் இழந்தது. அன்று பிற்பகல் டிரஃபால்கர் சதுக்கத்தில் "போரல்ல, சட்டம்" என்ற முழக்கத்தோடு பெருங்கூட்டம். முப்பதாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தொழிற்கட்சியின் அனியூரின் பெவன் பேசினார். ஈடன் தான் சொல்வதை உண்மையென்று நம்பித்தான் சொல்கிறார் என்றால், பிரதமராக இருக்க முடியாத அளவுக்கு அவர் முட்டாள் என்றார். கூட்டத்தில் ஒரு பகுதி பிரதமரின் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவை நோக்கித் திரும்பி, குதிரைப் போலீசோடு மோதியது. உள்ளே அமைச்சரவை கூடியிருந்தது. சத்தம் அறைக்குள் கேட்டது என்று அங்கே இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சத்தம் கேட்டது. என்ன முடிவு எடுத்தார்கள்? படையை இறக்குவது என்று. மறுநாள் காலை, நவம்பர் 5, பாராசூட் வீரர்கள் போர்ட் சயீதில் குதித்தார்கள். அதனால்தான் கூட்டம் நிறுத்தவில்லை என்றேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். பவுண்டின் விலை அன்றைக்கு 2.80 டாலர். 1949-ல் 4.03-லிருந்து ஒரேயடியாக இறக்கி வைத்தது. அப்போது இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் கூடவே இறங்கின. ஸ்டெர்லிங் வட்டாரம் என்று ஒரு கூட்டுக் குடும்பம் இருந்தது. இந்தியா, இலங்கை, மலாயா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளின் கையிருப்பு லண்டனில் பவுண்டாகக் கிடந்தது. இன்னொரு தடவை பவுண்டு விழுந்தால் இவர்கள் எல்லோருக்கும் நஷ்டம். நம்பிக்கை போய் ஒவ்வொருவராகப் பணத்தை எடுக்க ஆரம்பித்தால் குடும்பமே கலையும். 2.80-ஐக் காப்பாற்ற வேண்டுமானால் பவுண்டை விற்க வருகிறவனிடம் டாலரைக் கொடுத்து வாங்க வேண்டும். அதற்குக் கையில் டாலரும் தங்கமும் வேண்டும். மொத்தக் கையிருப்பு 200 கோடி டாலருக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு எல்லோர் மனதிலும் இருந்தது. அந்தக் கோட்டுக்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் சந்தை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பவுண்டை யார் விற்றார்கள்? வில்லன் சிரிப்போடு ஒரு அமெரிக்க அதிகாரி உட்கார்ந்து கொட்டி விற்றார் என்பதுபோல ஒரு சித்திரம் பரவலாக இருக்கிறது. அவ்வளவு நாடகமாக நடக்கவில்லை. ஒரு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். பவுண்டு விழும் என்று சந்தேகம். பவுண்டில் கொடுக்க வேண்டிய பாக்கியை இரண்டு மாதம் தள்ளிப்போடுவார், விழுந்த பிறகு கொடுத்தால் லாபம். டாலரில் கொடுக்க வேண்டியதை இன்றே கொடுத்துவிடுவார். ரூபாய் சரியும்போது நம் ஏற்றுமதிக்காரர்கள் வெளிநாட்டில் நிற்கும் டாலரை உள்ளே கொண்டுவர அவசரப்படாததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். யாருக்கும் பிரிட்டன் மேல் பகை வேண்டியதில்லை. ஆயிரம் பேர் தங்கள் கல்லாவைப் பார்த்துக்கொண்டாலே ஒரு நாட்டின் கஜானா காலியாகும். தெருவில் இறங்கி எதிர்க்க முப்பதாயிரம் பேர் வேண்டும், இதற்கு அவ்வளவு தேவையில்லை.

இது வரும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. கருவூலத்தின் மூத்த அதிகாரி எட்வர்ட் பிரிட்ஜஸ் செப்டம்பரிலேயே நிதியமைச்சர் ஹெரால்ட் மக்மில்லனுக்கு எழுதினார்: அமெரிக்காவின் துணையில்லாமல் தனியாகப் போனால் பவுண்டு தாங்காது. மக்மில்லன் படித்தார், பக்கத்தில் ஆமோதிக்கவும் செய்தார். ஆனால் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் நம் பழைய போர்க்கால நண்பர், கண்டுகொள்ள மாட்டார் என்று நம்பினார். பிரான்ஸ் அவ்வளவு அப்பாவியாக இல்லை. போருக்கு முன்பே, அக்டோபரில், சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் 26 கோடியே 25 லட்சம் டாலர் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவைத்துக்கொண்டது. பிரிட்டன் செய்யவில்லை. கேட்டால் சந்தை பயந்துவிடும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

நவம்பர் 6 காலை கப்பற்படை கரையிறங்கியது. அன்று காலையே அமைச்சரவை கூடியது. கையிருப்பிலிருந்து 10 கோடி பவுண்டு போய்விட்டது என்று மக்மில்லன் சகாக்களிடம் சொன்னதாகவே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிற்பாடு கணக்கேடுகளைப் பார்த்தவர்கள் அந்த வாரத்தின் உண்மையான இழப்பு அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். வேண்டுமென்றே மிகைப்படுத்தினாரா, பதற்றத்தில் குழப்பிக்கொண்டாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை குறைவு. ஐ.எம்.எஃப்.இல் பிரிட்டனுக்கு உரிய பணத்தை எடுக்க வேண்டுமானால் அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டும், அமெரிக்க நிதிச் செயலர் ஹம்ஃப்ரி அதற்குக் கேட்ட விலை போர்நிறுத்தம். அது போதும். போருக்கு முதல் ஆளாகக் கொடி பிடித்த மக்மில்லனே முதல் ஆளாக நிறுத்தச் சொன்னார். உள்ளே போவதிலும் முதல், வெளியே ஓடுவதிலும் முதல் என்று தொழிற்கட்சியின் ஹெரால்ட் வில்சன் பின்னால் கேலி செய்தார்.

அன்று நள்ளிரவு போர்நிறுத்தம். முன்னணிப் படை போர்ட் சயீதுக்குத் தெற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டரில் எல் கேப் என்ற இடம் வரை போயிருந்தது. 160 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கால்வாயில் அவ்வளவுதான் கிடைத்தது. கால்வாயோ அதற்குள் அடைபட்டுக் கிடந்தது. எகிப்தியர்கள் கப்பல்களையும் படகுகளையும் அதிலேயே மூழ்கடித்திருந்தார்கள். கால்வாயைத் திறந்து வைப்பதற்காக நடந்த போர் அதை மூடிவைத்தது. சிரியாவில் எண்ணெய்க் குழாயின் பம்பிங் நிலையங்களையும் உடைத்துவிட்டார்கள். சவுதி அரேபியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எண்ணெய் இல்லை என்றது. இந்தச் சிக்கலை இழுத்துவிட்டவர்கள் தங்கள் எண்ணெயிலேயே வேகட்டும் என்று ஐசன்ஹோவர் தன் ஆட்களிடம் சொன்னார். அமெரிக்க எண்ணெயை அனுப்பும் திட்டம் தயாராக இருந்தும் படை விலகும்வரை அலமாரியிலேயே வைத்திருந்தார்.

சோவியத் பிரதமர் புல்கானின் நவம்பர் 5 அன்று ராக்கெட்டுகளை நினைவூட்டி அனுப்பிய கடிதத்தை இந்தக் கதையில் பெரிதாகச் சொல்கிறவர்கள் உண்டு. லண்டனில் அதைப் படித்து யாரும் படுக்கைக்கு அடியில் ஒளியவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் அதன் தலைநகர் புடாபெஸ்டுக்குள் புகுந்திருந்தன. உலகம் சூயஸைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹங்கேரி நசுங்கியது. பிரிட்டனில் போரை எதிர்த்தவர்களில் பலரை உண்மையில் எரியவைத்தது இதுதான். மாஸ்கோவைக் கண்டிக்கும் தகுதியையே நம் அரசு விற்றுவிட்டதே என்றார்கள்.

நிறுத்தியாயிற்று, ஆனால் பணம் நிற்கவில்லை. படை முழுதாக விலகும்வரை அமெரிக்கா கையை நீட்டவில்லை, விற்பவர்களும் ஓயவில்லை. நவம்பர் மாதத்தில் மட்டும் 27 கோடியே 90 லட்சம் டாலர் கரைந்தது. மாதக் கடைசியில் கையிருப்பு 200 கோடிக்குக் கீழே இறங்கியது. டிசம்பர் 3 அன்று விலகல் அறிவிப்பு. டிசம்பர் 10 அன்று ஐ.எம்.எஃப். 56 கோடி டாலரை உடனே எடுக்கவும் மேலும் 73 கோடிக்கு மேல் தேவைப்பட்டால் எடுக்கவும் அனுமதித்தது, ஆக மொத்தம் 130 கோடி. ஒரு வார இடைவெளியைக் கவனியுங்கள். இதற்கு மேல் எந்த ஆவணமும் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் எகிப்தும் இஸ்ரேலும்கூட அதே ஐ.எம்.எஃப்.பிடம் சிறு தொகைகள் வாங்கின. சண்டை போட்ட நான்கு பேரும் ஒரே கவுன்டரில்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. மக்கள் என்ன நினைத்தார்கள்? கேலப் கருத்துக்கணிப்பு நவம்பர் 1, 2 தேதிகளில் கேட்டபோது, எகிப்தில் படை நடவடிக்கை சரி என்றவர்கள் 37 சதவீதம், தவறு என்றவர்கள் 44. நவம்பர் 10, 11 தேதிகளில் அதே கேள்விக்குச் சரி என்றவர்கள் 53, தவறு என்றவர்கள் 32. நன்றாகப் படியுங்கள். போர் தோற்றபின், நிறுத்தியபின், அவமானப்பட்டபின் ஆதரவு ஏறியிருக்கிறது.

ஏன்? நம் பையன்கள் அங்கே நிற்கும்போது விட்டுக்கொடுக்கலாமா என்ற உணர்வு ஒரு பக்கம். கெய்ட்ஸ்கெல் நவம்பர் 4 இரவு ஒலிபரப்பில், ஆளுங்கட்சி உறுப்பினர்களே ஈடனை இறக்குங்கள் என்று கேட்டது இன்னொரு பக்கம். அரசு தடுக்கப் பார்த்தும் பி.பி.சி. அந்தப் பேச்சை ஒலிபரப்பியது, அது ஊடக வரலாற்றில் பெரிய விஷயம்தான். ஆனால் அரசியலில் எதிர்விளைவாக முடிந்தது. மனதுக்குள் தயங்கிய பழமைவாதக் கட்சிக்காரர்கள், எதிரி சொன்ன பிறகு எப்படி இறக்குவது என்று ஈடன் பின்னால் அணிவகுத்தார்கள். பல்கலைக்கழகமும் பத்திரிகையும் போரை எதிர்த்தபோது, தொழிற்கட்சிக்கே ஓட்டுப்போடும் தொழிலாளர் பேட்டைகளில் நாசருக்கு ஓர் அறை கொடுத்தால் என்ன என்ற குரலும் தாராளமாக இருந்தது.

கோபம் யார்மேல் போனது தெரியுமா? பெரும்பகுதி அமெரிக்காமேல். டிசம்பர் 17 முதல் பெட்ரோல் ரேஷன் வந்தது. சொந்தக் காருக்கு மாதம் ஏறத்தாழ 200 மைல் ஓடும் அளவு. மேலே வரியும் ஏறியது. ஓட்டுநர் தேர்வு நடத்துபவர்களை ரேஷன் வேலைக்கு அனுப்பிவிட்டதால் தேர்வுகள் நின்றன. எனவே பழகுநர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். உலகப் பேரரசின் வீழ்ச்சியை விளக்க எத்தனையோ தடித்த நூல்கள் இருக்கின்றன. ஒரு குடும்பத்துப் பையன் முழு உரிமம் இல்லாமல், தனியாக, பெட்ரோல் தீர்ந்துபோகுமோ என்ற பயத்தோடு ஓட்டிப் போகும் அந்தக் கார் எனக்குப் போதும். முட்டை மாதிரி இருக்கும் குட்டிக் கார்கள் அப்போது விற்றுத் தீர்ந்தன. அதைப் பார்த்து எரிச்சலடைந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்ட், ஒழுங்கான சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் சொன்னார். 1959-ல் வந்த மினி அதுதான்.

எகிப்து மக்களின் மனதை இவர்கள் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். குண்டு போட்டு, துண்டுப்பிரசுரம் வீசி, வானொலியில் பேசினால் எகிப்தியர்களே நாசரைத் தள்ளிவிடுவார்கள் என்பது போர்த் திட்டத்தின் ஒரு தூண். அதற்காகச் சைப்ரஸில் இருந்த அரபு வானொலி நிலையத்தைப் பிரிட்டிஷ் அரசே எடுத்துக்கொண்டது. அங்கே வேலை பார்த்த அரபு அறிவிப்பாளர்கள், இனி வருவதை நம்பாதீர்கள் என்று நேயர்களிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்கள். கெய்ரோ வானொலியின் கோபுரத்தைக் குண்டால் அடித்தபோது டமாஸ்கஸ் வானொலி "இது டமாஸ்கஸிலிருந்து கெய்ரோ" என்று தொடங்கியது. நாசர் நவம்பர் 2 வெள்ளிக்கிழமை அல் அசார் மசூதிக்குப் போய்ப் போராடுவோம் என்று பேசினார். போர்ட் சயீதில் பொதுமக்களுக்குத் துப்பாக்கி பகிர்ந்தார்கள். பிரிட்டன் தரப்பில் இறந்தவர்கள் இருபதை ஒட்டி. போர்ட் சயீதின் தெருக்களில் இறந்த எகிப்தியர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில். அதையும் ராணுவ ரீதியில் வெற்றி என்று எழுதுகிற பழக்கம் எனக்கு உவப்பில்லை.

பிரான்சில் கதையே வேறு. அல்ஜீரியக் கிளர்ச்சிக்கு நாசர்தான் ஆயுதம் தருகிறார் என்று நம்பிய நாடு அது. ஆண்டது சோஷலிஸ்ட் பிரதமர் மோலே. கம்யூனிஸ்டுகளைத் தவிர பெரிய எதிர்ப்பு இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் கோபம், பிரிட்டிஷ்காரன் பாதியில் காலை வாரிவிட்டான் என்பது. ஈடன் தொலைபேசியில் போர்நிறுத்தத்தைச் சொன்ன நவம்பர் 6 அன்று ஜெர்மன் தலைவர் அடினாவர் பாரிஸில் மோலேயோடுதான் இருந்தார். ஐரோப்பாவைக் கட்டுங்கள், அதுவே உங்கள் பழிவாங்கல் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அடுத்த மார்ச்சில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நம் பக்கம்: நேரு கடுமையாகக் கண்டித்தார், காமன்வெல்த்தை விட்டு வெளியேறு என்ற குரல்கள் இந்தியாவில் எழுந்தும் வெளியேறவில்லை. ஹங்கேரி விஷயத்தில் அவர் காட்டிய தயக்கத்தை ஜெயப்பிரகாஷ் நாராயண் வெளிப்படையாக விமர்சித்தார். இலங்கையில் பண்டாரநாயக்க அரசும் எதிர்த்தது. திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களைப் பிரிட்டன் அடுத்த வருடம் ஒப்படைத்தது. கால்வாய் 1957 ஏப்ரலில் முழுதாகத் திறக்கும்வரை கொழும்புத் தேயிலையும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் லண்டன் போக வேண்டியிருந்தது. ஐ.நா. அமைதிப் படையில் இந்திய வீரர்களும் சினாய்க்குப் போனார்கள்.

ஈடன் நவம்பர் 23 அன்று உடல்நிலையைச் சொல்லி ஜமைக்காவுக்குப் பறந்தார். மக்கள் பெட்ரோலுக்கு அலையும்போது பிரதமர் கடற்கரையில். திரும்பி வந்து டிசம்பர் 20 அன்று, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பொய். 1957 ஜனவரி 9-ல் விலகினார். மறுநாள் பிரதமரானவர் யார்? உள்ளே போவதிலும் வெளியே ஓடுவதிலும் முதல் ஆளாக இருந்த மக்மில்லன்.

1959 அக்டோபரில் பொதுத்தேர்தல். பழமைவாதக் கட்சி முன்பைவிடப் பெரிதாக, நூறு இடப் பெரும்பான்மையில் வென்றது. சூயஸ் பிரச்சாரத்தில் பேசுபொருளாகவே இல்லை. கடைகளில் பொருள் இருந்தது, கையில் சம்பளம் இருந்தது. போரை எதிர்த்த ஆளுங்கட்சி உறுப்பினர்களின் கதிதான் பரிதாபம். நட்டிங் தொகுதியையே விட்டுவிட வேண்டியிருந்தது. போர்ன்மத் கிழக்குத் தொகுதியின் நைஜல் நிக்கல்சன், வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாகக் கைதூக்க மறுத்தவர். தொகுதிக் கட்சி அவரை வேண்டாம் என்றது. அவர் விடவில்லை. கடைசியில் 1959 தொடக்கத்தில் கட்சி உறுப்பினர்களிடையே தபால் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அவருக்கு 3,671, எதிராக 3,762. தொண்ணூற்றொரு ஓட்டில் போனார்.